மூக்கண்ணன் மோந்து பார்த்த வெள்ளைப் புகை

காலையில் வண்டியைக் கிளப்புகிறீர்கள். பின்னால் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. முதலில் என்ன செய்வீர்கள்? பானெட்டைத் தூக்கிப் பார்ப்பீர்களா, அல்லது நேற்று அந்த வண்டியை ஓட்டியது யார் என்று தேடுவீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். இங்கே யாரும் குறித்துக்கொள்ளப் போவதில்லை.

மூக்கண்ணன் இரண்டாவதைத்தான் செய்தார். அதுவும் முப்பது வருடம் டீசல் என்ஜின்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்த பிறகு செய்தார். இந்தக் கதையை அவரே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பதால்தான் இங்கே எழுத முடிகிறது. அவர் தன்னைத் திட்டிக்கொள்ளும் வார்த்தைகளில் பாதியை அச்சுக்கு ஆகாது என்று விட்டுவிட்டோம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. மூக்கண்ணன் என்றதும் பெரிய மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சராசரிக்கும் கொஞ்சம் சப்பை மூக்குதான். இருபத்திரண்டு வயதில், ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது, இருமிக்கொண்டு நின்ற ஒரு லாரியின் புகையை மோந்துவிட்டு, "மூணாவது இன்ஜெக்டர் ஒழுகுது" என்று சொன்னார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான். அன்றைக்கு ஒட்டிய பெயர் இது.

"நாலு இன்ஜெக்டர்ல ஒண்ணைச் சொன்னா, நாலுல ஒரு தடவை சரியாத்தானே இருக்கும்?" என்று இப்போது கேட்கிறார். "சரியாச் சொன்ன ஒண்ணை ஊரே முப்பது வருஷமாப் பேசுச்சு. தப்பாச் சொன்ன மூணை நான் மூச்சு விடல. சோசியக்காரன் பொழப்பும் இதேதான். அவன் பாயில உக்காந்து சொல்றான், நான் வண்டிக்கு அடியில குழிக்குள்ள நின்னு சொன்னேன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், சோதிடம் என்றாலே அவருக்கு ஆகாது. அவருடைய தகரக் கொட்டகையில் ஆயில் ஃபில்டர்கள் அடுக்கிய அலமாரியின் மேல்தட்டில் இருபது முப்பது புத்தகங்கள் இருக்கும். எல்லாம் பகுத்தறிவு, விண்வெளி, உடற்கூறு. எல்லாவற்றிலும் கிரீஸ் கைரேகை. வண்டியை நல்ல நேரம் பார்த்து எடுத்துப் போகிறேன் என்று எவராவது சொல்லிவிட்டால் போதும், "பேட்டரி நல்ல நேரத்துலதான் சார்ஜ் ஏறுமா?" என்று தொடங்கி, அரை மணி நேரம் ஆதாரம் கேட்டு ஆளைத் துவைத்துக் காயப்போடுவார். உலகத்தில் எல்லாரிடமும் ஆதாரம் கேட்ட மனிதர், தன் மூக்கிடம் மட்டும் கேட்டதில்லை.

மோப்பம் பிடிப்பதை ஒரு சடங்காகவே நடத்துவார். என்ஜின் ஓடும்போது சைலன்சருக்குப் பின்னால் குத்தவைத்து உட்காருவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, புகையை இரண்டு தடவை விசிறித் தன் பக்கம் அழைப்பார். கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிறகு தீர்ப்பு. இத்தனைக்கும் வெள்ளைப் புகையின் கதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குளிரில் கிளப்பியதும் லேசாக வந்து இரண்டு நிமிடத்தில் மறைந்தால், அது வெறும் நீராவி, வண்டியைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். மறையாமல் கெட்டியாக நின்று இனிப்பு வாடை அடித்தால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீர் உள்ளே கசிகிறது, பெரும்பாலும் என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். கண்ணைக் கரித்துக்கொண்டு பச்சை டீசல் வாடை அடித்தால், டீசல் எரியாமலே வெளியே வருகிறது என்று பொருள். குளிரில் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கையோ, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அறிவுக்குப் பஞ்சமில்லை. அதைப் பயன்படுத்துவதில்தான் சோம்பல்.

ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளி வேன்கள் நிற்கும் ஒரு செட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு வேன் வைத்திருக்கும் முதலாளி. அதில் நான்காம் எண் வேன் காலையில் கிளப்பும்போதெல்லாம் செட்டையே மூடும் அளவுக்கு வெள்ளைப் புகை விடுகிறதாம். அதை ஓட்டுகிறவர் நாற்பது வயதுப் பெண். குழந்தைகள் வைத்த பெயர் வேனக்கா. பெரியவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். பன்னிரண்டு இருக்கையில் பதினெட்டுக் குழந்தைகளை அடைக்க மாட்டேன் என்று அந்த மாதம் இரண்டு முறை முதலாளியிடம் முகத்துக்கு நேரே சொன்னவர். இந்தச் சங்கதி மூக்கண்ணனுக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் போய்ச் சேர்ந்தபோது, இடம் மாற்றுவதற்காக வேனை ஏற்கெனவே காலையில் ஓட்டியிருந்தார்கள். என்ஜின் சூடாக இருந்தது. கிளப்பியதும் மூச்சு விட்டதுபோல் கொஞ்சம் புகை வந்தது, போயிற்று. வேறு மெக்கானிக்காக இருந்தால், "நாளைக்குக் காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது வருகிறேன்" என்று திரும்பியிருப்பான். மூக்கண்ணனைச் சுற்றி ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை கூட்டத்தை ஏமாற்ற மனசு வருமா? குத்தவைத்தார். துண்டை விசிறினார். கண்ணை மூடினார்.

இனித்தது.

"கூலண்ட். ஹெட் கேஸ்கட் போயிருச்சு."

"அண்ணே, கொஞ்சம் இருங்க" என்றார் வேனக்கா. "தண்ணி குறையவே இல்லியே. மூணு வாரம் முன்னாடி டப்பாவுல ஆணியால கோடு போட்டு வச்சேன். இன்னிக்கும் அதே கோட்டுலதான் நிக்குது. வந்து பாருங்களேன்."

"அம்மா, நீங்க பத்து வருஷமா ஸ்டியரிங் புடிக்கிறீங்க. நான் முப்பது வருஷமாப் புகையைப் புடிக்கிறேன்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு அப்போது இனித்தது. இப்போது அந்த இடம் வரும்போது கதையை நிறுத்தித் தன் நெற்றியில் ஓர் அடி வைத்துக்கொண்டுதான் மேலே போகிறார்.

முதலாளி நிதானமாகக் கேட்டார்: "கேஸ்கட் எதனால போகும்ணே?"

"என்ஜின் சூடு ஏறினப்புறமும் நிறுத்தாம ஓட்டினா போகும்."

"அப்ப ஓட்டினவங்க தப்பு."

"பொதுவாச் சொன்னா..."

"பொதுவாச் சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்தத் தாள் செட்டின் அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டது. வேனக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த திங்கள் புது ஓட்டுநர் வருகிறார். பழி என்பதும் தண்ணீர் மாதிரிதான். எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம்தான் ஓடும். ஆறு வேன் வைத்திருப்பவர் மேட்டில் இருந்தார். எந்த ஊரில், எந்தத் தொழிலில், பழி மேட்டை நோக்கி ஏறியிருக்கிறது?

மறுநாள் மூக்கண்ணனின் மூக்குக்கு யோகம். காலையில் வந்த வாடகைக் காரில் இனிப்பு வாடை. "ஹெட் கேஸ்கட்டா இருக்கும், விட்டுட்டுப் போங்க" என்றார். அடுத்து வந்த சரக்கு வண்டியிலும் இனிப்பு வாடை. ஒரே நாளில் இரண்டு கேஸ்கட்டா என்று அவருக்கே லேசாக உறுத்தியது. பருவநிலை மாற்றம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். படித்த மனிதர் அல்லவா, தப்பான காரணம் கூட அவருக்குப் பெரிதாகத்தான் தோன்றும்.

மூன்றாவதாக ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வந்தது. பிரேக் கீச்சிடுகிறது என்று பக்கத்துத் தையல்காரர் தள்ளிக்கொண்டு வந்தார். மூக்கண்ணன் பின்சக்கரத்தருகே குனிந்தார், வேர்வையைத் துண்டால் துடைத்தார், பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்தார்.

"இதுலயும் கூலண்ட் வாடை அடிக்குதே."

தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, இதுல என்ஜினே கிடையாது."

மூக்கண்ணன் ஸ்கூட்டரை மோந்தார். ஸ்பேனரை மோந்தார். தையல்காரரின் சட்டையை மோந்தார். தையல்காரர் இரண்டடி பின்னால் போனார். கடைசியாகத் தன் தோளில் கிடந்த துண்டை மோந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காரின் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்ததில் கூலண்ட் பீச்சியடித்து, அவர் முகமெல்லாம் துடைத்தது அந்தத் துண்டில்தான். அது காய்ந்து மூன்று நாளாகத் தோளிலேயே கிடந்திருக்கிறது. அவர் மோந்தது எந்த வண்டியின் புகையையும் இல்லை, தன் தோளைத்தான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். ஆறுதல் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்.

"திங்கக்கிழமையே சொன்னேனே, துண்டு பாகு மாதிரி நாறுது, கழட்டிப் போடுங்க துவைக்கணும்னு" என்றார் மனைவி. "என்ன சொன்னீங்க? 'தொழில் வாசனைடி, உனக்குப் புரியாது'ன்னீங்க."

"அதை இப்ப எதுக்கு..."

"சரி, அந்தப் பொம்பளைகிட்ட எப்ப போய்ச் சொல்லப் போறீங்க?"

"யோசிக்கிறேன்."

"தப்பாச் சொல்றதுக்கு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. சரியாச் சொல்றதுக்கு மட்டும் ராத்திரி முழுக்க யோசிப்பீங்களோ?"

உண்மையில் அவர் யோசித்தது வேறு. கேஸ்கட் மாற்ற எப்படியும் அந்த வேனின் ஹெட்டைப் பிரிக்கத்தான் போகிறார். பிரிக்கும்போது கேஸ்கட்டையும் மாற்றி விட்டால், பழையது போயிருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? போகிறபோக்கில் ஹீட்டர் பிளக்கையும் மாற்றிவிட்டால் புகை நின்றுவிடும். பெயர் நிற்கும். மூக்கு நிற்கும். வேனக்கா மட்டும் வீட்டில் நிற்பார். இப்படி ஒரு கணக்கு தன் மண்டைக்குள் ஓடியதை அவர் மறைப்பதில்லை. "புத்தகமெல்லாம் படிச்ச மண்டைதான். திருட்டுத்தனத்தையும் அழகா வரிசைப்படுத்திக் கொடுத்துச்சு" என்கிறார்.

புதன்கிழமை காலை வேனக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒற்றை அறை, மாடிப்படிக்குக் கீழே. கதவு பாதி திறந்தது. முழுதாகத் திறக்கவில்லை.

"என்னண்ணே, என் வீட்டுலயும் கேஸ்கட் போயிருச்சா?"

மூக்கண்ணன் துண்டுக் கதையைச் சொன்னார். ஒன்றையும் விடாமல், பேட்டரி ஸ்கூட்டர் வரை. வேனக்கா சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளா என் பொண்ணு கேக்குது, 'அம்மா, நீ வண்டியைக் கெடுத்துட்டியா'ன்னு. அந்தத் தாளை யாரோ படம் எடுத்து எல்லா செட்டுக்கும் அனுப்பிட்டாங்க. இனி வேற எந்த செட்டுலயும் என்னை எடுக்க மாட்டாங்க. உங்க துண்டைத் துவைச்சிடலாம். இதை எதுல துவைக்கிறது?"

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம்ணே. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க. என்ஜின் ராத்திரி பூரா ஆறிக் கெடக்கணும். முதலாளியும் இருக்கணும், நானும் இருக்கணும். மூக்கால பாக்காதீங்க. கையால, கண்ணால பாருங்க."

மூக்கண்ணன் முதலாளிக்குப் போன் போட்டார். "ஹெட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடணும்" என்றதும் அவர் ஒப்புக்கொண்டார். வேனக்காவும் வருவார் என்றதும் இழுத்தார். "அந்தம்மா எதுக்குண்ணே?" தினமும் காலையில் கிளப்புகிறவர்களுக்குத்தான் எப்படிக் கிளம்பும் என்று தெரியும் என்று மூக்கண்ணன் சொல்லிப் போனை வைத்தார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு மூக்கண்ணன் வெறுந்தோளோடு வந்தார். முதலில் கூலண்ட் டப்பா. ஆணிக் கோடு இருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. ஆயில் மூடியைத் திருப்பினார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் மோர் நுரை மாதிரிப் படிந்திருக்கும். சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரில் காற்றழுத்தும் பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். கசிவு இருந்தால் பம்பிலுள்ள அழுத்தமானியின் முள் இறங்கும். முள்ளைப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளியையே நிறுத்தினார்.

பதினைந்து நிமிடம். முள் அசையவில்லை. முதலாளிதான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு அசைந்துகொண்டிருந்தார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்று வேனக்காவிடம் சாவியைக் கொடுத்தார். செல்ஃப் இழுத்து இழுத்து, ஐந்தாவது முறைதான் என்ஜின் பிடித்தது. வெள்ளைப் புகை செட்டை மூடியது. முதலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார்.

"என்ன வாடை அடிக்குது முதலாளி?"

"டீசல்தான். கண்ணு எரியுது."

"இனிக்குதா?"

"எங்க இனிக்குது!"

என்ஜினை நிறுத்தி, ஹீட்டர் பிளக்குகளின் இணைப்புத் தகட்டைக் கழற்றினார். சோதனை விளக்கின் ஒரு முனையை பேட்டரியில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு பிளக்காகத் தொட்டார். முதலாவதில் விளக்கு எரிந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதில் எரியவில்லை. நான்கில் மூன்று செத்துக் கிடந்தன. குளிர்ந்த என்ஜினில் டீசலைப் பற்றவைக்கத் தேவையான சூடு கிடைக்காமல், அது அப்படியே புகையாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் அங்கப்பிரதட்சணம் செய்தாலும் ஹீட்டர் பிளக்கைக் கெடுக்க முடியாது. அது வயசாகிப் போகும், மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வேனக்கா வேனின் புகார் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். "காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம். ஹீட்டர் லைட் சரியாக எரியவில்லை. பார்க்கவும்." ஐந்து வாரத்தில் மூன்று முறை எழுதியிருந்தார். மூன்றின் கீழும் முதலாளியின் கையெழுத்து இருந்தது.

"படிக்காமலே கையெழுத்துப் போட்டுருவீங்களா?" என்று மூக்கண்ணன் கேட்டுவிட்டார். கேட்ட வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். பார்க்காமலே கையெழுத்துப் போட்ட ஒருவர், படிக்காமல் போட்டவரைக் கேட்ட கேள்வி அது.

நான்கு புது பிளக்குகளை மாட்டினார்.

"சரி, ஸ்டார்ட் பண்ணிப் பாத்து முடிங்க" என்றார் முதலாளி.

"இப்பப் பண்ணினா செல்லாது. என்ஜின் சூடாயிருச்சு. புகை வரலைன்னா பிளக்காலயா, சூட்டாலயான்னு சொல்ல முடியாது. நாளைக்குக் காலைலதான்."

"இன்னொரு நாளா? விளையாடுறீங்களா?"

"நான் மூணு நாள் வீட்டுல உக்காந்துட்டேன்" என்றார் வேனக்கா. "இன்னொரு நாள் உக்காந்தா தேஞ்சிட மாட்டேன். இந்த ஒரு தடவையாவது ஒழுங்காப் பாத்துச் சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை காலை. அதே நேரம், அதே குளிர். வேனக்கா சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்து, முழுதும் திருப்பினார். முதல் இழுப்பிலேயே என்ஜின் பிடித்தது. மெலிதாக நீராவி வந்தது. ஒன்றரை நிமிடத்தில் அதுவும் மறைந்தது.

முதலாளி மூக்கண்ணனைத் தனியே அழைத்தார். "அண்ணே, 'மறுபரிசோதனை செய்யப்பட்டது'ன்னு மட்டும் எழுதிக் கொடுங்க போதும். முதல்ல சொன்னது தப்புன்னெல்லாம் எழுதினா உங்க பேரு என்னாகும்? எனக்காகச் சொல்லல, உங்களுக்காகத்தான்."

மூக்கண்ணனுக்கு அந்த ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது என்று அவரே சொல்கிறார். முப்பது வருடத்துப் பெயர். திரும்பிப் பார்த்தார். வேனக்கா ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாக நேராக இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. முள்ளைப் பார்ப்பது மாதிரி, இறங்குகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுதியது இது: "திங்கட்கிழமை நான் எந்தச் சோதனையும் செய்யவில்லை. என் துண்டிலிருந்த வாடையை வண்டியின் வாடை என்று நினைத்துத் தவறாக எழுதினேன். ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கிறது. ஹீட்டர் பிளக்குகள் பழுது. இதை ஓட்டுநர் மூன்று முறை எழுத்தில் தெரிவித்திருக்கிறார். அவர்மீது தவறில்லை." கீழே ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிற முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

வேனக்கா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பலகைக்குப் போய்ப் பழைய தாளைக் கழற்றாமல், அதற்குப் பக்கத்திலேயே இதைக் குத்தினார்.

"பழசை எடுத்துடலாமேம்மா" என்றார் மூக்கண்ணன், கொஞ்சம் பாவமாக.

"இருக்கட்டும்ணே. ரெண்டையும் சேத்துப் படிச்சாத்தான் புரியும்." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "திங்கக்கிழமை யார் வண்டி எடுக்கறது?"

முதலாளி பலகையைப் பார்த்தார். மற்ற ஐந்து வேன்களின் ஓட்டுநர்களும் அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் வேனின் புகார் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"நீங்கதான்" என்றார் முதலாளி.

"பன்னண்டு பேருதான் ஏத்துவேன்."

"சரி."

இது எங்கோ ஒரு வேன் செட்டின் கதை என்று மடித்து வைத்துவிடாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில், உங்கள் தெருவில், யாரோ ஒருவர் இந்த வாரம் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார். காரணம் கேட்டால், "தெரிந்தவர் பார்த்துச் சொன்னார்" என்பார்கள். போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். என்ன சோதனை செய்தார்கள், எப்போது செய்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் இருந்தாரா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தனியாகக் கேட்காதீர்கள். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். திங்கட்கிழமைக்குள் கேளுங்கள்.